பந்தி, பாத்திரம், ரசீது: பெரியப்பா பதில்கள்

ஆடி பிறக்கப் போகிறது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பிளெக்ஸ் அடிப்பவருக்குத் தூக்கமில்லை, ஆட்டுக்கு ஆயுசில்லை. இந்த மாதக் கடிதங்களில் முக்கால்வாசி மொய் விருந்தும் ஊர் வசூலும்தான். பிரிக்கலாம்.

கல்யாணமில்லை, காதுகுத்தில்லை. பிறகு எதற்கு இத்தனை பேருக்குக் கறிச்சோறு?
(சென்னை மருமகன், பேராவூரணி)

பணத்துக்கு, மாப்பிள்ளை. தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கமும் சேருமிடத்தில் இதை ஒளித்துப் பேசுவதில்லை. கை கழுவிவிட்டுத் திரும்பினால் மொய் எழுதும் மேசை எதிரே நிற்கும். இன்று நீங்கள் எழுதுவது நாளை நீங்கள் விருந்து வைக்கும்போது திரும்பி வரும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஜாமீன் ஒன்றே ஒன்று: மானம்.

அதை ஏன் ஆடியில் வைக்கிறார்கள்?
(பள்ளி மாணவி, கீரமங்கலம்)

கல்யாணம் இல்லாத மாதம். பந்தல்காரரும் சமையல்காரரும் கூப்பிட்ட குரலுக்கு வருவார்கள். நிலத்துக்கு விதை, அண்ணனுக்குக் கல்லூரிக் கட்டணம் இரண்டும் அந்த நேரத்தில்தான் அப்பாவின் கழுத்தைப் பிடிக்கும். ஆடியில் தொடங்குவது ஆவணிக்கும் நீளும். உங்கள் தாத்தாக்கள் காலண்டரை வீணாகப் புரட்டவில்லை, தாயி.

ஒரே அழைப்பிதழில் பத்துப் பேர் பெயர். யாருக்கு எழுதுவது?
(மளிகைக்கடைக்காரர், ஆலங்குடி)

யாரிடம் வாங்கினீர்களோ அவருக்கு. பந்தல், ஆடு, அரிசி, சமையல் கூலி எல்லாம் பங்கு. சேர்வது அடுப்பு மட்டும்தான். மொய் நோட்டும் பணம் போடும் பாத்திரமும் ஆளுக்கொன்று. பத்துப் பேருக்கும் எழுத வேண்டியிருந்தால் பத்து முறை சாப்பிட முடியாது என்பது ஒன்றுதான் கஷ்டம்.

‘புது நடை’ என்கிறார்களே, அது என்ன கணக்கு?
(புதுமாப்பிள்ளை, வடகாடு)

அப்பா ஒருவரிடம் ஆயிரம் வாங்கியிருக்கிறார். நீங்கள் அந்த ஆயிரத்தைத் திருப்பி, மேலே ஐந்நூறு வைத்தால், ஐந்நூறு புது நடை. அதாவது இனி அவர் உங்களுக்குக் கடன்காரர், கணக்கு உயிரோடு இருக்கிறது. வெறும் ஆயிரத்தை மட்டும் வைத்தால் கணக்கு முடிந்தது. உறவும் முடிந்ததா என்பது மறுநாள் டீக்கடையில் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

முதல் வேலையாக பீரோவைத் திறந்து அப்பாவின் மொய் நோட்டைப் படியுங்கள். சொத்துப் பத்திரம் உங்களுக்கு என்ன வரும் என்று சொல்லும். நீங்கள் யாருக்கு என்ன தர வேண்டும் என்று சொல்வது அந்த நோட்டுதான்.

போன வருடம்தான் வைத்தேன். இந்த வருடமும் வைக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்றவர், கொத்தமங்கலம்)

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்பது ஊர் வழக்கம். பெயர் வேண்டாம் என்றீர்களே, அங்கேயே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வாங்கித் தின்றுவிட்டுத் திருப்பி எழுதாதவனை என்ன செய்வது?
(விவசாயி, பேராவூரணி)

அவர் அடுத்து விருந்து வைக்கும்போது பந்தியில் காற்று மட்டும் சாப்பிடும். ஊரின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

ஆனால் ஏமாற்றுக்காரனையும் இல்லாதவனையும் ஒரே வரிசையில் உட்கார வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் உங்கள் பகுதித் தென்னையை ஒரே இரவில் படுக்க வைத்தது. தேங்காய்க் காசில் மொய் திருப்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் காலையில் எழுந்தபோது அவர்களின் வருமானம் தரையில் கிடந்தது. தலைநிமிர்வதற்குள் 2020-ல் கொரோனா வந்து பந்தலையே பிரித்தது. நெட்டைத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு வருடம். நோட்டு அதற்கேற்பக் காத்திருக்கட்டும். கேட்கப் போகும் நேரத்தில் ஒருமுறை அவர் தோப்பையும் எட்டிப் பாருங்கள்.

மொய்ப்பணத்துக்கு வருமான வரி உண்டா?
(ஆடிட்டர் அலுவலக உதவியாளர், பட்டுக்கோட்டை)

கேள்வி உங்களுடையதா, முதலாளியுடையதா? கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. மொய் விருந்தில் சோறு இருக்கிறது, மணமக்கள் இல்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் அது வருமானம். “இது அன்பளிப்பு இல்லை ஐயா, கடன்” என்று வேறு வாசல் வழியாக வெளியேறினால், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று சட்டம் அங்கேயும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

லட்சத்தில் எழுதுபவர்கள் வங்கி வழியாக அனுப்புங்கள், கணக்கரைக் கலந்துகொள்ளுங்கள். ஐந்நூறு எழுதுபவர் நிம்மதியாக இன்னொரு கரண்டிக் குழம்பு கேட்கலாம்.

பணம் எண்ணும் இயந்திரம், துப்பாக்கி ஏந்திய காவலர்... மொய் விருந்து எங்கே போகிறது?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேராவூரணி)

கோடிகள் சேரும் பந்தல்களுக்கு அதெல்லாம் வந்துவிட்டது, ஐயா. முன்பு பித்தளைப் பாத்திரத்துக்கு அத்தை காவல். அத்தையிடமிருந்து எடுக்க எவனுக்கும் துணிச்சல் வந்ததில்லை.

இயந்திரம் இருக்கட்டும், எண்ணுகிறவர் விரலுக்கு நல்லது. எனக்குக் கோபம் வருவது வேறொன்றுக்கு. பெரிய மனிதர் பந்தலில் எழுத வரிசையில் நிற்கும் ஊர், கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்ணின் பந்தலுக்கு “அப்புறம் பார்ப்போம்” என்கிறது. இந்த ஏற்பாடே அவளுக்காக உண்டானது. ஒரே நாளில் இரண்டு அழைப்பிதழா? முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள். பெரியவர் பாத்திரம் எப்படியும் நிரம்பும்.

‘சின்ன கவுண்டர்’ படத்தில் காட்டியது இதுதானே?
(சினிமா ரசிகர், அறந்தாங்கி)

பாதி சரி. 1992-ல் வந்த அந்தப் படத்தில் சாப்பிட்டவர்கள் பணத்தை இலைக்கடியில் வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். உங்கள் பகுதியில் ஊர் பெயர், தகப்பன் பெயர் சகிதம் நோட்டில் ஏறும். இலைக்கடியில் வைத்தால் உதவி. நோட்டில் ஏறினால் வரவு செலவு. கண்ணீர் முன்னதற்கு வரும், கல்லூரிக் கட்டணம் பின்னதில் கட்டலாம்.

மகன் சிங்கப்பூரில். மொய்யை அலைபேசியில் அனுப்பினால் மரியாதையா?
(அம்மா, கீரமங்கலம்)

மரியாதைதான் தாயி. ஆனால் பந்திக்கு நீங்கள் போங்கள். பணம் கடல் தாண்டும், “வாங்க, சாப்பிடுங்க” தாண்டாது.

திரும்பி வராத மொய் என்று ஒன்று உண்டா?
(கல்லூரி மாணவர், புதுக்கோட்டை)

உண்டு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. அடுத்த மாதம் உங்கள் மாவட்டத்து டீக்கடைக்காரர் ஒருவர் கடையிலேயே மொய் விருந்து வைத்தார். டீயைக் குடி, முடிந்ததைப் பாத்திரத்தில் போடு, அவ்வளவுதான். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையும் இலை போட்டு வசூலித்தது. யாரும் நோட்டுக்காகத் தகப்பன் பெயர் சொல்லவில்லை. மலையாளத்து வீடுகளிலிருந்து மறுமொய் வருமென்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த டீயைவிட ருசியான டீ அந்த வருடம் தமிழ்நாட்டில் போடப்படவில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

கபடிக் குழுவுக்கு நிதி வேண்டும். நூறு ரூபாய் குலுக்கல் சீட்டு, முதல் பரிசு பைக். எப்படி யோசனை?
(இளைஞர் மன்றச் செயலாளர், ஆலங்குடி)

கோப்பை வாங்கப் போய் வழக்கு வாங்காதீர்கள் தம்பி. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்கு என்றாலும் காவல் நிலையத்தில் கெட்ட நாற்காலிதான்.

முறையாக அனுமதி வாங்கி மாட்டுவண்டிப் பந்தயம் வையுங்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று பிரித்து, ஒவ்வொரு பரிசையும் ஒரு பெரியவர் பெயரில் அறிவியுங்கள். ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்கும் என்றால் கஞ்சன் கையும் நீளும்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குக் ‘கல்விச் சீர்’ கொண்டுபோகப் போகிறோம். என்ன வாங்கலாம்?
(பெற்றோர் குழு, வடகாடு)

இந்த மாதத்தின் சிறந்த கடிதம் இது. தாய்மாமன் சீர் போவதைப்போல மேளம் முன்னே, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம், பின்னாலேயே பீரோ, மேசை, மின்விசிறி என்று ஓர் ஊரே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதைப் பார்த்த பிள்ளை, அந்தப் பள்ளியை “இலவசப் பள்ளிக்கூடம்” என்று ஒருநாளும் சொல்லாது.

இதற்கு வேர் ஆழம். காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். மதிய உணவும் முதலில் ஊர்க்கொடையில்தான் வெந்தது. 2022 டிசம்பரில் அரசே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்று கைநீட்டியதும் அந்தப் பழைய வாசலில் நின்றுதான்.

என்ன வாங்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள், தலைமையாசிரியரிடம் பட்டியல் கேளுங்கள். ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் வாங்கினால் பிள்ளைகளுக்கு மணி நன்றாகத் தெரியும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறைக் கதவு இருக்காது. கதவில் உங்கள் பெயர் எழுத முடியாதே என்று தயங்காதீர்கள்.

ஏரி தூர்வார ஊரில் பணம் திரட்டினால் திரளுமா? சிரிக்கிறார்கள்.
(இளைஞர், அறந்தாங்கி)

சிரிப்பவர்களை ஒரு பேருந்தில் ஏற்றிப் பேராவூரணிக்கு அனுப்புங்கள். கஜா அடித்து வருடம் திரும்புவதற்குள், 2019-ல், அங்கே இளைஞர்கள் ஊர்க்காசு திரட்டிப் பெரிய ஏரியில் இயந்திரத்தை இறக்கினார்கள். கடைமடைக்காரனுக்குத் தண்ணீரின் விலை தெரியும், அதனால் சட்டைப்பை திறந்தது. முதலில் மண்வெட்டியோடு பத்துப் பேர் இறங்குங்கள். வேலை நடக்கும் இடத்துக்குக் காசு தானாக நடந்து வரும்.

கோயில் திருப்பணிக்கு வசூலித்தோம். கணக்குக் கேட்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.
(விழாக் குழுப் பொருளாளர், ஊர் வேண்டாம்)

கேட்பது அவமானமில்லை, கேட்கும்வரை காட்டாதது அவமானம். மொய் மேசையில் ஐந்நூறு ரூபாய்க்கு எத்தனை எழுத்து என்று பாருங்கள்: பெயர், ஊர், தொகை, சில இடங்களில் கணினி ரசீதும் உண்டு. திரும்பக் கிடைக்கப்போகும் பணத்துக்கே அவ்வளவு. திரும்பாத பணத்துக்கு அதைவிட ஒரு வரியாவது கூடுதலாக எழுத வேண்டாமா?

தனிக் கணக்கு, எண்ணிட்ட ரசீது, பணம் எடுக்க மூன்று பேர் கையெழுத்து. விழா முடிந்த வாரத்தில் வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். அறநிலையத் துறைக் கோயில் என்றால் அனுமதி இல்லாமல் உண்டியலைத் தூக்காதீர்கள். வருமான வரிச் சலுகை உள்ள அறக்கட்டளை என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதத்துக்கு ஊர் விழா, வசூல் அறிவிப்புகள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள், இடம், காரணம் எழுதுங்கள். கூடவே கணக்கு ஒட்டப்போகும் தேதியையும் எழுதுங்கள். அந்தத் தேதி இல்லாத அறிவிப்பு இந்தப் பக்கத்தில் வராது.