ஐந்து நட்சத்திர மாஸ்ரர்

கிளிநொச்சியிலோ பரந்தனிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ஏதாவதொரு சாப்பாட்டுக் கடையில் இவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சேட்டுப் பொக்கற்றில் நீலப் பேனையும் சிவப்புப் பேனையும் சோடியாகச் செருகியிருப்பார். கொத்து ரொட்டி மேசைக்கு வந்ததும் மற்றவர்கள் கையை வைப்பார்கள்; இவர் போனை நீட்டுவார். கோப்பைக்கு மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், விலைப் பலகை ஒரு படம், கை கழுவுகிற இடம் ஒரு படம். "பி.எச்.ஐ. வந்திட்டார்" என்று குசினிக்குள் செய்தி போகும். கொத்துப் போடுகிற பெடியன் எங்கேயோ கிடந்த தொப்பியைத் தேடி மாட்டிக்கொள்வான்.

வந்தவர் சுகாதாரம் பார்க்கிற பி.எச்.ஐ. இல்லை, ரிவியூ மாஸ்ரர். ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். இளைப்பாறிய ஆசிரியர். கூகுள் மப்பில் 'லோக்கல் கைட்', ஆறாம் நிலை. இந்த நிலை சும்மா வருவதில்லை. விமர்சனம் ஒன்றுக்கு 10 புள்ளி, அது 200 எழுத்தைத் தாண்டினால் மேலும் 10, படத்துக்கு 5, மப்பில் இல்லாத இடமொன்றைச் சேர்த்தால் 15. இப்படிச் சேர்ந்து 250 வந்தால்தான் பெயரோடு சின்னம் ஒட்டும். ஆறாம் நிலைக்கு 1,500 வேண்டும். புள்ளிக்குக் காசு வராது. அதனாலென்ன? காலம் முழுக்க மற்றவர்களுக்குப் புள்ளி போட்டே களைத்த மனிதருக்கு இப்போதுதான் ஒருவர் புள்ளி போடுகிறார்.

200 எழுத்து என்பதும் தமிழில் பெரிய மலையில்லை. 'கொத்து' என்று எழுதினால் கண்ணுக்கு மூன்றெழுத்து. யுனிகோட்டில் மெய்க்கும் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இலக்கம் என்பதால் கணினிக்கு அது ஆறு. இந்த இரகசியத்தை மாஸ்ரர் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருடைய ஆங்கில விமர்சனங்கள் நின்றுவிட்டன. ஊரார் அதைத் தமிழ்ப்பற்று என்று நினைக்கிறார்கள்.

அவர் நேரே போனில் எழுதுவதில்லை. அதற்கென்று ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. பிள்ளையார் சுழி, திகதி, நேரம், கடையின் பெயர், கூடச் சாப்பிட்டவர்கள், காசு கொடுத்தவர். பிறகு நீலப் பேனையால் முதற்படி. அதைக் கோபம் ஆற முதல் எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய விதி. ஒரு முதற்படி இது:

"கொத்து எண்ணெயில் மிதந்தது. இறைச்சித் துண்டைத் தேடக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. பிளேன்ரீயில் சூடில்லை. பில்லில்தான் சூடு இருந்தது."

நல்ல எழுத்து. ஆனால் இதை வாசித்தவர் உலகத்தில் ஒரே ஒருவர், அவருடைய மனைவி.

"இஞ்சாருங்கோ, உது ஆற்றை கடையெண்டு தெரிஞ்சே எழுதுறியள்?"

"ஆற்றையெண்டால் என்ன? உண்மை உண்மைதானே."

"எங்கட சின்னக்கான்ர மருமோன்ர தமையன்ர கடை. வாற மாசம் அவையின்ர வீட்டில சாமத்திய வீடு. எந்த முகத்தோட போறது?"

மாஸ்ரர் சிவப்புப் பேனையைத் திறக்கிறார். 'எண்ணெயில் மிதந்தது' வெட்டுப்பட்டு, 'எண்ணெய் தாராளம்' ஆகிறது. இறைச்சி பற்றிய வரி, 'மரக்கறிக்காரரும் துணிந்து சாப்பிடலாம்' என்று மாறுகிறது. பிளேன்ரீ, 'காத்திருக்கத் தேவையில்லை, உடனே குடிக்கலாம்.' பில்? 'காசாளர் நல்ல கெட்டிக்காரர்.' இரண்டாம் படி முடிந்தது. பின்னேரம் வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், கடைக் கணக்கை எழுதுவது மாஸ்ரரிடம் படித்த பெடியன் என்கிறார். மூன்றாம் படி. இரவு படுக்கப் போகும்போது விமர்சனம் கூகுளில் ஏறுகிறது, ஐந்து நட்சத்திரத்தோடு.

மற்ற இடங்களில் மெய்ப்புப் பார்ப்பதென்றால் எழுத்துப் பிழை பார்ப்பது. வன்னியில் உறவும் பார்க்க வேண்டும்.

எழுத்துப் பிழையையும் அவர் விடுவதில்லை. 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி, தன் பதிப்புகளில் பிழைக்கு இடங்கொடாத ஆறுமுக நாவலருக்கு நேர் வாரிசு தானே என்பது அவருடைய எண்ணம். ஊரில் எவர் இறந்தாலும் முப்பத்தோராம் நாள் அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்ப்பவர் அவர்தான். ரகரம் றகரம் தடுமாறினால் செத்தவருக்கே மோட்சம் தடுமாறும் என்பார். பழக்கம் விடுமா? தோசைக் கடையொன்றுக்கு அவர் எழுதிய முதல் விமர்சனம், "அன்னாரின் தோசை மென்மையும் பணிவும் உடையது, பழகியோர் நெஞ்சில் என்றும் நிலைப்பது" என்று முடிந்தது. மறுநாள் கடைக்காரர் போன் எடுத்தார். "மாஸ்ரர், நான் இன்னும் இருக்கிறன்."

இன்னொரு பயிற்சி அவருக்கு ஓமந்தையில் கிடைத்தது. ஏ9 வீதியில் அங்கே இருந்த சோதனைச் சாவடி 2015 இல்தான் அகற்றப்பட்டது. படிவத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால் அன்றைய பயணம் எப்படிப் போகும் என்று அந்தப் பாதையால் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எழுதியதைத் திரும்ப வாசிக்கிற குணம் இலக்கண வகுப்பில் வந்ததை விட வரிசையில் நின்று வந்ததுதான் அதிகம்.

இத்தனை கவனத்தையும் மீறி ஒரு தடவை சறுக்கியது. இடியப்பக் கடையொன்றுக்கு, "சம்பல் போதாது, கேட்டாலும் தருகிறார்கள் இல்லை" என்று அடித்தார். போன் தன் கெட்டித்தனத்தைக் காட்டி அதைச் 'சம்பளம்' ஆக்கிவிட்டது. மத்தியானம் முதலாளி வேலைக்காரர் எல்லோரையும் குசினிக்குள் நிற்பாட்டி, ஆர் எழுதினது என்று விசாரித்தார். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை, செய்தி பொய்யென்றும் ஒருவரும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் எல்லோருக்கும் கொஞ்சம் கூடக் கிடைத்ததாம். மாஸ்ரரின் எழுத்தால் வன்னியில் விளைந்த ஒரே சமூக மாற்றம் அதுதான். அதற்குப் பிறகு எதை ஏற்றுவதானாலும் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல் வரைக்கும் பின்பக்கமாக ஒரு தரம் வாசித்துப் பார்க்கிறார்.

அவருடைய பேனைக்குச் சாப்பாட்டுக் கடை மட்டும் போதாது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு 5 நட்சத்திரம்; தெருவில் வாகனம் விடுகிறவர் எவருக்கும் அதில் மறுபேச்சுக் கிடையாது. இரணைமடுக் குளத்துக்குக் கோடையில் 3, வான்கதவு திறந்த செய்தி வந்ததும் திருத்தி 5. நீதிமன்றம் ஒன்றுக்கு, "ஆறுதலாக இருக்கலாம், அடிக்கடி போகலாம்." பொலிஸ் நிலையம் ஒன்றுக்கு எழுதியது கொப்பியில் பல பக்கம். வெட்டியது போக மிஞ்சியது, "முற்றத்தில் நல்ல வேப்பமர நிழல்." அதற்கும் 5.

உண்மை எழுதுகிறவர்கள் ஓகஸ்ற் மாதம் வருவார்கள். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மருமகப் பெடியன், கிளிநொச்சியில் சாப்பிட்டுவிட்டு வானில் ஏறி, ஆனையிறவு வர முதல் ஒரு நட்சத்திரம் போட்டு முடித்துவிட்டான். ஏசி இல்லை, வைபை இல்லை, சாப்பாடு வரச் சுணங்குகிறது. கொப்பி இல்லை, படி இல்லை, மெய்ப்பு இல்லை. மாஸ்ரர் அன்றைக்குத்தான் வாய்விட்டுக் கோபப்பட்டார்.

"தம்பி, நீ எழுதினதில பொய் இல்லை. அந்தக் கடைக்காரன் 2009 இல மெனிக்பாம் முகாமில எங்களோட ஒரே தண்ணி வரிசையில நிண்டவன். திரும்பி வந்து தகரக் கொட்டிலுக்குள்ள ஒரு கேத்திலோட கடை துவங்கினவன். எங்கட வீட்டுக்குக் கூரையில்லாத நேரம் அவன்ர பிளேன்ரீதான் எங்களுக்குக் காலமச் சாப்பாடு. அவனுக்கு எத்தினை ஸ்ரார் எண்டு ஏசி இருக்கிற இடத்தில இருந்து கணக்குப் பாக்கேலாது."

"அப்ப மாமா, அங்க சாப்பாடு நல்லமோ?"

"சாப்பாட்டைப் பற்றி இப்ப ஆர் கதைச்சது?"

ஆளுக்குத் துணிவில்லை என்று சொல்ல முடியாது. அவரும் ஒருமுறை ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார், வெள்ளவத்தையில் ஒரு கடைக்கு. கொழும்பில் தனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்ற தைரியத்தில் முதற்படியை வெட்டாமல் அப்படியே ஏற்றினார். மூன்று நாள் நிம்மதியாக நித்திரை கொண்டார். நான்காம் நாள் முள்ளியவளையிலிருந்து ஒரு அழைப்பு. கடைக்காரரின் தாய். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற போதெல்லாம் மாஸ்ரர் குடும்பம் தங்குவது அந்தத் தாயின் வீட்டில்தான். எழுதியதைத் திருத்தக் கூகுள் இடம் கொடுப்பது எவ்வளவு பெரிய தர்மம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

அப்படியானால் இவருடைய விமர்சனத்தால் பயனே இல்லையா என்று கேட்காதீர்கள். நான் வன்னியில் எங்கே சாப்பிடுவதென்றாலும் அவர் எழுதியதைப் பார்த்துத்தான் போகிறேன். நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, வசனத்தைப் பார்ப்பேன். 'முதலாளி தங்கமான மனுசன்' என்றிருந்தால் சாப்பாடு சரியில்லை. 'கடை துப்பரவு' என்றால் உப்பில்லை. 'குடும்பத்தோடு இருந்து கதைக்க நல்ல இடம்' என்றால் சாப்பாடு வர ஒரு மணித்தியாலம் ஆகும். 'சாப்பாடு பரவாயில்லை' என்று வேண்டாவெறுப்பாக ஒரு வரி கண்ணில் பட்டால் உடனே இறங்குங்கள். அது அவருக்கு ஆகாத ஆளின் கடை, சாப்பாடு அமிர்தமாக இருக்கும். 'வாகனம் நிறுத்த விசாலமான இடமுண்டு' என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லையென்றால் நிறுத்தாமல் போய்விடுங்கள். முறிகண்டியில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டே வவுனியா வரை போகலாம்.