தொட்டிக்கடியில் சரஸ்வதி

எங்கள் நகருக்குக் கிளை நூலகம் வரப்போகிறது, இடத்தை மட்டும் காட்டுங்கள் என்று கவுன்சிலர் சொன்ன அன்று நலச் சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் 19 பேர். இடம் முடிவு செய்யும் அடுத்த கூட்டத்துக்கு 42 பேர் வந்தார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகாததால் இடம் பார்க்கும் குழுவில் போட்டுவிட்டார்கள். கூடவே ஓய்வுபெற்ற சர்வேயர், தமிழ் டீச்சர், வாஸ்து தெரிந்த மளிகைக்கடை அண்ணாச்சி.

முதலில் கல்யாண மண்டபத்து மாடி. வாடகையே வேண்டாம் என்றார் உரிமையாளர். டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து நாவலை எடுத்து ஒரு பக்கம் படித்துப் பார்த்தார். கீழே யாரோ "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்து எண்ணிக்கொண்டே போனார். அவர் நாற்பதைத் தொட்டபோதும் டீச்சர் முதல் பத்தியில்தான் இருந்தார்.

அடுத்தது சுடுகாட்டுக்கு எதிரே.

"அமைதி வேணும்னீங்களே சார், இதைவிட அமைதி எங்க கிடைக்கும்?" என்றார் சர்வேயர்.

"அது சரி, இங்க வர்றவங்க யாரு புஸ்தகத்தைத் திருப்பித் தரப்போறா?" என்றார் அண்ணாச்சி. அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ரேஷன் கடை மாடிக்கு 23 படி. நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்று, முழுப் பேப்பரையும் ஒருவரே வைத்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்ளும் பெரியவர்கள்தானே எந்த நூலகத்துக்கும் ஆதாரம்? சோதனைக்காக அழைத்துப்போன இரண்டு பெரியவர்கள் பதினோராவது படியில் உட்கார்ந்து அரசியல் பேசத் தொடங்கிவிட்டார்கள். இறக்கிக் கொண்டுவருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

இதற்குள் நான் சீர்காழி ரங்கநாதனைப் படித்துத் தேர்ந்திருந்தேன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே. அதை விளக்கும்போதே நூலகம் எங்கே இருக்க வேண்டும் என்ற பேச்சை எடுத்துவிடுகிறார். சுருக்கமாக, ஆள் நடமாட்டம் எங்கேயோ அங்கே வை என்கிறார். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியிருக்கிறது. தொடங்கி வைத்தவரும் அவர்தான். இடம் பார்க்கும் தொல்லையே கிடையாது, பாருங்கள். எதிர்வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் வண்டியைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கூட்டத்தில் இதையெல்லாம் முழங்கினேன். 1948ஆம் வருஷத்து நூலகச் சட்டத்தை எடுத்துவிட்டேன். சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாக நாம் எல்லோரும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்றேன். "அப்படியா!" என்று பலர் திடுக்கிட்டார்கள். இத்தனை நாள் ஏதோ அபராதம் என்று நினைத்திருந்தாராம் ஒருவர். கைதட்டல் அடங்குவதற்குள் சர்வேயர் எழுந்தார்.

"சார் சொல்ற மாதிரியே ஒரு இடம் இருக்கு. நகராட்சிக்குச் சொந்தம். பஸ் ஸ்டாப் பக்கம், ஸ்கூல் பக்கம், டீக்கடை பக்கம். ஏழு சென்ட். இரண்டாவது குறுக்குத் தெரு."

இரண்டாவது குறுக்குத் தெருவில் அந்த ஏழு சென்ட் என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. என் கார் நிற்பதும் என் மனைவி வடகம் காயவைப்பதும் அங்கேதான்.

என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே ஆச்சரியப்பட்டேன். "அங்க மழைக்குத் தண்ணி தேங்குமே?" பதினாறு வருஷமாக அங்கே ஒரு சொட்டு தேங்கி நான் பார்த்ததில்லை. "டூவீலரெல்லாம் தெருவை அடைச்சிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஈசானியத்துல கிணறு இருந்த இடமாச்சே" என்றார் அண்ணாச்சி. அவர் வீடு மூன்றாவது எதிர்வீடு. நூலகம் அவசியம் என்பதில் மட்டும் 42 பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரங்கநாதன் எங்க இருந்தாராம் சார்? எதிர்வீட்டிலயா?" என்றார்.

கடைசியில் யார் வீட்டுக்கும் எதிரே இல்லாத ஒரே இடம் ஏகமனதாகத் தேர்வானது: ஊர்க் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். திறந்தும் ஆகிவிட்டது. தொட்டி நிரம்பி வழியும்போது குடை பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். போன வாரம் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன், வெள்ளிக்கிழமை விடுமுறையாம். வாசல்வரை போன கையோடு திரும்பினேன். எதிர் மனையில் வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது.