28 மில்லிமீற்றர் வீரன்

கண்டி மஹய்யாவயில் வீட்டு மதிலுக்கு ஒரே பூச்சுதான்; பாசியும் மறையும், வெடிப்பும் மறையும், சில வேளை கேற் பூட்டும் மறையும். அதே வீட்டுப் பொடியன் உள்ளே 28 மில்லிமீற்றர் உயரப் பொம்மை வீரனின் போர்வைக்கு ஏழாவது பூச்சுப் பூசிக்கொண்டிருக்கிறான்.

முறை இதுதான். அக்ரிலிக் பெயின்டைப் பால் பதத்துக்குத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பிரஷை டிஷ்யூவில் ஒற்றிவிட்டுத்தான் பொம்மையில் வைக்க வேண்டும். அடியில் இருண்ட நிறம். காய்ந்தபின் சற்று வெளிறியது, சற்றுச் சிறிய இடத்தில். பிறகு இன்னும் வெளிறியது, இன்னும் சிறிய இடத்தில். பிரஷ் இழுப்பு முடியும் இடத்தில் நிறம் தேங்கும் என்பதால், எப்போதும் வெளிச்சம் விழும் பக்கமாகவே இழுக்க வேண்டும். காயும்வரை பொறுமை. கண்டி மழைக்காலத்தில் துவைத்த துணியே காயாது, இது வேறு!

இவ்வளவும் நிறம் மாறும் கோடு தெரியாமலிருக்க. பக்கத்திலுள்ள தெகல்தொருவ விகாரையிலோ, கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆட்சிக்காலத்தில் (1747–1782) தொடங்கிய சுவரோவியங்களில் நிழலும் இல்லை, சாயல் மாற்றமும் இல்லை. சிவப்புப் பின்னணி, தட்டையான நிறம், சுற்றி ஒரு கோடு. புத்தரின் முற்பிறப்புக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் முழுவதையும் அப்படியே சொல்லி முடித்துவிட்டார்கள்.

பொடியனைக் குறை சொல்லவில்லை. கைத்தெளிவு வந்துவிட்டது. அடுத்த முறை மதிலையும் அவனிடமே கொடுங்கள், பூட்டாவது தப்பும்.