மூன்றரைக் கிலோ ஆகாயம்

கத்தரிக்காயோ தங்கமோ பழைய பேப்பரோ, எடை கூடினால்தான் விலை கூடும். எடை குறையக் குறைய விலை ஏறும் சரக்கு எனக்குத் தெரிந்து பாராகிளைடர்தான். அதன் துணிச் சிறகான விங், சாதாரணமாக ஐந்து கிலோ பக்கம் இருக்கும். அதையே மூன்றரைக் கிலோவுக்கு இளைக்க வைத்தால் விலை கொழுத்துவிடும். அடிப்பக்கத் துணியே இல்லாமல் தைத்த சில விங்குகள் இரண்டு கிலோவைக்கூடத் தொடுவதில்லை. "துணியைக் குறைச்சுட்டுக் காசைக் கூட்டுறானா? எந்தத் தையக்காரன்டா அவன்?" என்று அம்மா கேட்டாள்.

இந்த விளையாட்டு சிக்கனத்தில் பிறந்தது என்பதுதான் வேடிக்கை. 1978-ல் பிரான்சின் மியூஸி கிராமத்தில் பாராசூட்காரர்கள் சிலர், விமானத்துக்குக் கூலி கொடுத்து மேலே போய்க் குதிப்பானேன் என்று, மலைச்சரிவில் பாராசூட்டை விரித்து ஓடிக் கிளம்பினார்கள். 1988-ல் ஜான்-மார்க் புவாவான் எவரெஸ்ட்டில் நடந்து ஏறிப் பறந்து இறங்கினார். 2003-ல் தொடங்கிய ரெட் புல் எக்ஸ்-ஆல்ப்ஸ் போட்டியில் ஆல்ப்ஸ் மலைத்தொடர் நெடுக நடக்கலாம், பறக்கலாம். வண்டி ஏறக் கூடாது. முதுகில் சுமப்பவனுக்குத்தான் கிராமின் அருமை தெரியும். துணி மெலியத் தொடங்கியது.

நான் பறப்பது இமாச்சலத்தின் பீர் பில்லிங்கில். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள பில்லிங்கில் கிளம்பி, சுமார் ஆயிரம் மீட்டர் கீழே பீரில் இறங்க வேண்டும். மேலே தூக்கிவிடும் வெப்பக்காற்று அகப்படாவிட்டால் கால் மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். பறக்கிற கதையைத்தான் சொல்கிறேன்.

முதலில் எடைக் கணக்கு. விங்கின் லேபிளில் 75 முதல் 95 கிலோ என்பதுபோல ஒரு வரம்பு போட்டிருக்கும். அது ஆளின் எடை மட்டுமல்ல. உடுத்தியது, உட்கார்ந்து பறக்கும் ஹார்னஸ், ஹெல்மெட், விங், தண்ணீர், காலையில் உள்ளே போன ஆலு பராட்டா எல்லாம் சேர்ந்தது. கல்யாணத் தரகரிடம் சொன்ன எடையை இங்கே சொல்லக் கூடாது. வரம்பைத் தாண்டினால் விங் வேகமெடுத்துத் துடுக்குத்தனம் காட்டும். குறைந்தால் மந்தமாகி, காற்று உலுக்கும்போது சட்டென்று மடங்கும். துணி இளைத்ததால் தாங்களும் இளைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு உண்டு. லேசான விங் என்றால் சாதுவான விங் என்றும் நினைத்துவிடக் கூடாது. அதன் குணத்தை ஏ, பி, சி, டி என்ற சான்றில்தான் பார்க்க வேண்டும். புதியவருக்கு ஏ; அதிலேயே ஊறியவருக்கு டி.

அடுத்தது பராமரிப்பு. லேசான விங்கின் துணி சதுர மீட்டருக்கு 27 கிராம்தான் இருக்கும். லைன்களுக்கு மேலுறை கிடையாது. மெல்லிய கயிறுகள், தரையில் கிடக்கும் சுள்ளியைக்கூட விடாமல் பற்றிக்கொள்ளும். பில்லிங் டேக்-ஆஃபில் பறக்க வருபவர்களைவிடப் படமெடுக்க வருபவர்கள் அதிகம். புல்லில் விரித்த விங்கின் நட்டநடுவில் ஷூ காலோடு நின்று ஒருவர், "பையா, இது கிழியாதா?" என்று அக்கறையாக விசாரித்தார். பறந்த பிறகு வெயிலில் அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. வெயில் துணியைத் தின்னும். மிச்சத்தைத் தின்ன வெட்டுக்கிளி இருக்கிறது. மடிப்புக்குள் சிக்கிக்கொண்டால் துணியைக் கடித்துத்தான் வெளியே வரும். அதனால் பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல அறை அறையாக அடுக்கி, உதறி, பூச்சி பார்த்து மடிக்க வேண்டும். முன்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் குச்சிகள் வளையக் கூடாது. என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, வீட்டில் துவைத்த துணி மடிக்கும் வேலையை எனக்கு மாற்றிவிட்டாள்.

கிளம்புவதில்தான் பலசாலிகள் மாட்டிக்கொள்கிறார்கள். கனமான விங்கைப் பழகிய கை, லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் ரைசர் பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுக்கும். லேசான துணியோ சிறு காற்றுக்கே எழுந்து, தலைக்கு மேல் நிற்காமல் ஆளை முந்திக்கொண்டு போய் முன்னால் மடங்கும். "அரே பாய், அதை இழுக்காதே, கூப்பிடு. தானே வரும். வந்ததும் பிரேக்கைத் தொடு," என்று எங்கள் பயிற்சியாளர் கத்துவார். காற்று பலமாக இருந்தால் கூப்பிடக்கூட வேண்டாம், அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட நாளில் விங்கைப் பையை விட்டு எடுக்காதிருப்பதே உத்தமம்.

அதற்கும் முன்னால் தொடைப் பட்டைகள். லேசான ஹார்னஸில் எல்லாமே ரிப்பன் அகலப் பட்டைகள்; எது தொடைக்கு, எது மார்புக்கு என்று குழம்பும். தொடைப் பட்டையை மாட்டாமல் பறந்து உயிரை விட்டவர்கள் உண்டு. எனவே ரிசர்வ் பாராசூட், பக்கிள்கள், லைன்கள், விங், காற்று என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லித் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர் நான் மந்திரம் ஜெபிப்பதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இறங்கும்போதும் கவனம் வேண்டும். எடை குறைக்க முதுகுப் பஞ்சை எடுத்துவிட்ட ஹார்னஸில் உட்கார்ந்தபடி இறங்கினால் முதுகெலும்புதான் மெத்தை. நல்ல உயரத்திலேயே காலைத் தொங்கவிட்டு, ஓடத் தயாராக வர வேண்டும்.

இத்தனை சீராட்டுக்கும் லேசான விங் கைம்மாறாகத் தருவது ஒன்று உண்டு. விளம்பரத்தில் அதைப் போடுவதில்லை. இருபது கிலோ மூட்டையைச் சுமந்து மேலே வந்தவனுக்கு, தௌலாதார் மலைமேல் மேகம் கறுத்துத் திரண்டாலும் கண்ணில் படாது. "இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாச்சு, பறந்துதான் ஆகணும்" என்று அவன் முதுகு முடிவெடுத்துவிடும். மொத்தமே எட்டுக் கிலோ என்றால் முதுகு வாயை மூடிக்கொண்டிருக்கும்; மூளை பேச இடம் கிடைக்கும். திரும்பிப் போக மனசு வரும். விங்கின் எடையைக் குறைத்தவர்கள் நடந்து ஏறுவதற்காகக் குறைத்தார்கள். என்னைக் கேட்டால், பறக்காமல் இறங்குவதற்காகத்தான் அவ்வளவு காசு கொடுக்கலாம்.

பில்லிங்கிலிருந்து கீழே வர டாக்சிக்காரர், மேலே ஏற்றிவர வாங்கும் அதே கூலியைக் கேட்பார். நான் பேரம் பேசாமல் கொடுத்துவிடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியைவிட அது என்றைக்கும் மலிவு.