கிள்ளான் வேட்டைக்காரத் தம்பி

கிள்ளான் அடுக்குமாடிகளிலும் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறைகளிலும் ஒரு ரகக் கல்லூரி மாணவரைக் காணலாம். பச்சைப்புள்ளிச் சட்டை, நெற்றி டார்ச், இடுப்பில் பாராங், யூடியூபில் கற்ற காலடித்தட ஞானம் என்று வேட்டைக்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது. காட்டுப்பன்றி ஒன்றுதான் பாக்கி. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்குக் காவல்துறை உரிமம் வேண்டும். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றிக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். இரண்டுக்கும் முன்னால் அம்மாவின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை அவர் இன்னும் கொடுக்கவே இல்லை. ஆகவே உரிமம் உள்ள ஒரு மாமாவுக்குப் பின்னால் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பை சுமக்கிறார். அதுவே அவருக்குச் சரியான பள்ளிக்கூடம் என்பது என் கட்சி. சுடுவது ஒரு நொடி. மிச்சமெல்லாம் கத்தி வேலை. நம் ஊர் வெக்கையில் குடலை எடுக்கத் தாமதித்தால் கறி நாறிவிடும். பித்தப்பையைக் கீறிவிட்டால் பட்ட இடமெல்லாம் கசப்பு. ஓலைத் தீயில் மயிரைப் பொசுக்கிச் சுரண்டும் பக்குவம் எந்த வீடியோவிலும் முழுசாக வராது. காட்டுப்பன்றிக் கறியில் டிரிக்கினெல்லா புழு இருக்கலாம் என்பதால், பாதி வெந்த ஸ்டேக் ஆசையையும் அவர் கைவிட வேண்டும். பெரட்டல் நன்றாக வேகட்டும். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபின், குடலை வரப்பில் வீசிவிட்டு வருவதும் முடியாது.

“எங்க தாத்தா வேல்கம்பும் நாயுமா போனாரு, அவருக்கு எந்த லைசன்ஸ்?” என்பார் தம்பி. தாத்தா காலமும் அவ்வளவு சுதந்திரமானதல்ல: 1948 முதல் 1960 வரை அவசரகாலம், தோட்டங்களில் ஊரடங்கு. தாத்தாவிடம் கற்க வேண்டியது லயத்து வீடுகளுக்குக் கூறு பிரித்த கையைத்தான். கம்பிக் கண்ணி வைத்தால் துப்பாக்கியே வேண்டாமே என்பது அடுத்த யோசனை. சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. கண்ணிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது, தேசியக் கணக்கெடுப்பிலோ தீபகற்பத்தில் 150க்கும் குறைந்த புலிகளே மிஞ்சின. பன்றி செம்பனைக் கன்றைத் தின்று தீர்க்கிறது, ஆகவே வேட்டை பொதுச்சேவை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சேவையை மாமா செய்துகொண்டுதான் இருக்கிறார். தம்பி முதலில் கறியை வீட்டுக்குக் கொண்டுவரப் பழகட்டும். அடுக்குமாடியின் லிஃப்ட்டில் முஸ்லிம் அண்டைவீட்டாரும் ஏறுவார்கள். சொட்டாமல் இரட்டைப் பையில் கட்டி எடுத்துவர வேண்டும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் அம்மாவிடம் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்வதும் நல்லது.