அடுத்த முகூர்த்தத்துக்குப் புதுக் கேமரா

ஆடி பிறந்ததும் எங்கள் பக்கத்து வீடியோக்காரர் புதுக் கேமரா வாங்க ஆரம்பித்துவிடுவார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பார்த்தால் அவர் தோளில் பழைய கேமராதான் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு மாதம் என்னதான் நடக்கிறது?

ஆளை உங்களுக்குத் தெரியும். கும்பகோணமோ மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ, எந்த ஊர் மண்டபத்திலும் இருப்பார். வயது ஐம்பதை ஒட்டி. வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். முப்பது வருஷத் தொழில் அங்கே ஏறி உட்கார்ந்ததன் அடையாளம். மண்டபத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை, பெயர் தெரிந்தவரும் இல்லை. "வீடியோ அண்ணே" என்றால் திரும்புவார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும் முன் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பாரே, அது நல்ல நேரம் வந்துவிட்டதா என்பதற்காக அல்ல. அண்ணன் தலையசைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கெட்டிமேளம்.

அவர் வைத்திருப்பது 2014-ல் வந்த சோனி எம்.சி. 2500. இதற்கு முன்னால் மினி டிவி (DV) கேசட் போடுகிற கேமரா. அதற்கும் முன்னால் வி.எச்.எஸ். காலத்தில் அவர் கேமராவைத் தொட்டதே இல்லை. குருநாதர் படம் பிடிக்க, இவர் சன் கன் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டே நடந்தார். இத்தனை மாற்றங்களிலும் ஒன்றைக்கூட அவராக முடிவெடுத்துச் செய்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மினி டிவி கேசட் அறுபது நிமிஷம் ஓடும். ஐம்பத்தொன்பதாவது நிமிஷத்தில் மாப்பிள்ளை மெட்டி போடுவார். அந்த வேதனையைச் சகித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டினார். கடைக்காரர் "கேசட் வர்றதில்லைண்ணே" என்று கையை விரித்த பிறகுதான் மெமரி கார்டுக்கு வந்தார்.

தோள் கேமராவின் ரகசியம் ஒன்று உண்டு. அண்ணனுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் இருக்கும் சென்சார் கால் அங்குல வகை. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராது. இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சாருக்குப் பரப்பளவு இதைவிட எண்பது மடங்குக்கு மேல். அப்படியானால் மிச்சப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். மரியாதை இருக்கிறது. கையடக்கக் கேமராவோடு போனால் மண்டப வாட்ச்மேனே "பந்தி அந்தப் பக்கம்" என்று அனுப்பிவிடுவார். தோளில் பெட்டி இருந்தால் பெண்ணின் பெரியப்பாகூட எழுந்து வழிவிடுவார்.

சின்ன சென்சாருக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் படத்தில் புள்ளி பொரியும். அதனால் லைட் போட்டாக வேண்டும். லைட் போட்டால் மணப்பெண் முகத்தில் வியர்வை, முன்வரிசைத் தாத்தாக்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பூமியைப் பார்ப்பார்கள். பத்து வருஷம் கழித்து வீடியோவைப் போட்டுப் பார்க்கிறவர்கள், "தாத்தா ஏன் அன்னிக்குக் கோவமா இருந்தாரு?" என்று கேட்பார்கள். அவர் கோபமாக இல்லை. ஆயிரம் வாட்டில் இருந்தார்.

இந்த நேரத்தில்தான் கேண்டிட் பையன் வருகிறான். தாடி, கறுப்பு டீசர்ட், கையில் அடக்கமாக ஒரு கேமரா. லைட் இல்லை, வயர் இல்லை. தூணுக்குப் பின்னால் நின்று எடுக்கிறான். குத்துவிளக்குச் சுடரில் பெண்ணின் ஜிமிக்கி மட்டும் தெரிய, பின்னால் நிற்கும் அத்தனை சொந்தக்காரர்களும் மங்கிப் போகிறார்கள். அண்ணனுக்கு அங்கேதான் கொள்கை இடிக்கிறது. "தம்பி, படம் அழகாத்தான் இருக்கு. ஆனா மொய் வெச்ச மாமா மூஞ்சி தெரியலைன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" நியாயமான கேள்விதான். கல்யாண வீடியோ என்பது எங்கள் பக்கத்தில் பாதி கலை, பாதி வருகைப் பதிவேடு. யார் வந்தார், யார் சாப்பிடாமல் போனார் என்ற வழக்கு பின்னால் எழும்போது அண்ணன் எடுத்ததுதான் சாட்சி.

ஆனாலும் மனசு கேட்பதில்லை. ஆடியில் வேலையில்லை. ஸ்டுடியோ வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போனில் கேமரா விலை பார்ப்பார். இந்தத் தொழிலின் சாபம் அது: ஆடியிலும் மார்கழியிலும் கேமராவைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கும், பணம் இருக்காது, தையிலும் வைகாசியிலும் பணம் கொஞ்சம் புரளும், யோசிக்க நேரம் இருக்காது.

முதலில் செகண்ட் ஹேண்ட் பார்ப்பார். 2018-ல் வந்த சோனி ஏ7 மார்க் 3 அவர் கண்ணில் படும். புதிதாக வந்தபோது ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது, இப்போது யாராவது கைமாற்றி விடுகிறார்கள். விற்கிறவரிடம், "ஷட்டர் எத்தனை ஓடியிருக்கு?" என்பார். எவ்வளவு ஓடினால் மோசம் என்பதில் அவருக்கு உறுதி கிடையாது. கேட்டால் விலை குறையும் என்பதில் உண்டு. பிறகு அந்த வகைக் கேமராக்களில் பல ஒரே மூச்சில் இருபத்தொன்பது நிமிஷம் சொச்சத்தில் நின்றுவிடும் என்று யாரோ சொல்ல, திகைத்துப் போவார்.

விஷயம் உண்மை. 2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்து ஸ்டில் கேமராவிலேயே ஃபுல் எச்.டி. வீடியோ எடுக்கலாம் என்று காட்டியபோது அது ஒரு தடவைக்குச் சுமார் 12 நிமிஷம்தான் ஓடியது. பிறகு வந்த பலவும் 29 நிமிஷம் 59 விநாடியில் நின்றன. அரை மணியோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது அது வீடியோ கேமராவாகக் கணக்காகிச் சுங்கவரி கூடியது. அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் ஒரு விநாடி முன்னதாக நிறுத்திக்கொண்டன. ஐரோப்பாவில் வரி மிச்சம் பிடித்ததில் பட்டுக்கோட்டையில் நலுங்கு பாதியில் நிற்கிறது. இப்போது வருகிற புதுக் கேமராக்களில் பெரும்பாலும் இந்தத் தடை நீங்கிவிட்டது. ஆனால் அண்ணனின் பட்ஜெட்டில் சிக்குவதெல்லாம் தடை உள்ள தலைமுறை.

சரி, புதிதே வாங்கலாம் என்று ஒரு நாள் துணிவார். புதுக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவருவது கூட்டுக் குடும்பத்தில் பெண் எடுக்கிற மாதிரி; பேசி முடிப்பது ஒருத்தியை, வந்து இறங்குவது வேன் நிறைய. விலைப் பட்டியலில் போட்டிருப்பது பாடி மட்டும். அதற்கு லென்ஸ் வேண்டும், மண்டபத்து இருட்டுக்கு நல்ல லென்ஸ் என்றால் அது பாடி விலையைத் தொடும். பழைய கேமராவின் எஃப் 970 பேட்டரி இதற்குச் சேராது. கை ஆடாமலிருக்க கிம்பல். வேகமான கார்டு. அப்புறம் 4கே. அண்ணன் இப்போது எடுக்கும் ஏ.வி.சி.எச்.டி. மணிக்குச் சுமார் 11 ஜி.பி. பிடிக்கிறது. 4கே என்றால், 100 மெகாபிட்டில், மணிக்கு 45 ஜி.பி. பெண்ணழைப்பு முதல் கட்டுச்சாதம் வரை எடுத்து முடித்தால் ஒரு ஹார்டு டிஸ்க்கில் பாதி காலி. அதை எடிட் பண்ண ஸ்டுடியோவில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கேட்டால் அது ஃபேனைச் சுற்றிவிட்டு மயங்கும். ஆக, கம்ப்யூட்டரும்.

"4கே தானே எடுப்பீங்க?" என்று கேட்காத மாப்பிள்ளை இப்போது கிடையாது. ஃபுல் எச்.டி.யைவிடப் புள்ளிகள் நாலு மடங்கு என்பதால் அது என்னவோ நாலு மடங்கு கல்யாணம் என்ற நினைப்பு. அதே மாப்பிள்ளை வீடியோ கைக்கு வந்ததும் முப்பது விநாடியை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார். அது படத்தை நசுக்கித்தான் அனுப்பும். 4கே வேண்டும் என்றவரின் கல்யாணம் உள்ளங்கை அளவில், புள்ளி பொரிந்து, ஒரு நாள் ஓடி மறையும். அதற்கு அண்ணனின் பழைய கேமரா தாராளமாகப் போதும். மறு நாள் அதிகம் பாராட்டு வாங்கியது எது என்று விசாரித்தால், அண்ணனின் லைட் பாய் தன் போனில் நெட்டுக்குத்தாக எடுத்த ரீல்ஸ்.

காத்திருப்பதற்குக் காரணம் தேடுவதிலும் அண்ணன் கெட்டிக்காரர். ஜி.எஸ்.டி. வந்தபோது கேமராவுக்கு 28 சதவீதம். "வரி குறையட்டும்" என்றார். 2019 ஜனவரி முதல் தேதியில் 18 ஆகக் குறைந்தது. "குறைஞ்சிடுச்சே அண்ணே" என்றதற்கு, "அடுத்த மாடல் வருதாம், வந்தா இது விலை இறங்கும்" என்றார். அடுத்த மாடல் வந்தது. இப்போது அதற்கு அடுத்ததுக்காகக் காத்திருக்கிறார். கேமரா கம்பெனிகள் மாடல் விடுவதை நிறுத்தினால்தான் அண்ணன் வாங்க முடியும்.

கடைசியில் விவகாரம் வீட்டுக்குப் போகும். சீட்டு அவர் மனைவி கையில்; எங்களுக்கு அக்கா.

"ஒன்றரை லட்சம்னு வெச்சுக்க. இந்தச் சீட்டை எடுத்துட்டா..."

"அது பாப்பா காலேஜுக்கு."

"சரி, வளையலை மட்டும் பேங்க்ல வெச்சு..."

அக்கா பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பழைய டைரி ஒன்றைக் கொண்டுவந்து போடுவார். அதில் கேமரா விலை இல்லை. ஊர்ப் பெயர், தேதி, பாக்கி.

"இதைக் கூட்டிப் பாருங்க. கேமராவும் வருது, கம்ப்யூட்டரும் வருது. பாக்கிய வசூல் பண்ணத் தெரியாத ஆளு, வளையலக் கேக்குறீங்க!"

அந்த டைரிதான் மொத்தக் கதையும். முன்பணம் ஒழுங்காக வரும், முகூர்த்தம் வரப்போகிறது அல்லவா. மண்டபத்தில் கொஞ்சம் வரும். ஆல்பமும் வீடியோவும் கொடுக்கும்போது வரவேண்டிய மூன்றாம் தவணைக்குத்தான் வாழ்வில்லை. "போட்டோ செலக்ட் பண்ணலைண்ணே" என்பார் ஒருவர். அவருக்கு இப்போது மூத்த பிள்ளை யு.கே.ஜி. போகிறது. "மாப்பிள்ளை சிங்கப்பூர்லேர்ந்து வரட்டும்" என்பார் மற்றொருவர். "அடுத்து பாப்பாவுக்குக் காதுகுத்து இருக்குல்ல, சேர்த்துப் பாத்துக்கலாம்" என்பார் இன்னொருவர், பெருந்தன்மையாக. சில ஜோடி பிரிந்தே போயிற்று. அந்தப் பாக்கியைப் பெண் வீட்டில் கேட்பதா, பிள்ளை வீட்டில் கேட்பதா என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும். வாங்காத ஆல்பங்கள் ஸ்டுடியோ பரணில் அடுக்கியிருக்கின்றன. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்துபோய்க் கேட்க அண்ணனுக்குக் கூச்சம். அவர்கள் வீட்டு அடுத்த விசேஷம் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயமும் உண்டு. கேட்காமல் வந்துவிடுவார். அந்த அடுத்த விசேஷத்தில் அதே வீட்டுக்காரர் கேட்பார்: "என்னண்ணே, இன்னும் அதே கேமராதானா? மாத்தக் கூடாதா?"

என்னைக் கேட்டால், இந்த ஆவணிக்கு அவர் கேமராவை மாற்ற வேண்டாம். பேட்டரி இரண்டும் நல்லதாக, மேளச் சத்தத்துக்கு நடுவே மந்திரம் கேட்க ஒரு வயர்லெஸ் மைக், தாத்தாக்களின் கண்ணைக் காப்பாற்ற மெத்தென்ற எல்.இ.டி. லைட்: இவை போதும். 4கே கேட்டே தீருகிற வீட்டுக்கு ஒரு நாள் வாடகைக்குக் கேமரா எடுக்கலாம், வாடகையை பில்லில் சேர்க்கலாம். வாடகைப் பெட்டிமேல் தன் ஸ்டுடியோ ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வது அவர் விருப்பம். பணம் சேர்ந்தால் முதலில் லென்ஸ் வாங்கட்டும். பாடி விலை வருஷா வருஷம் இறங்கும், லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் மதிப்பிழக்காது.

உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பமும் அந்தப் பரணில் இருக்கலாம். ஆடியில் அண்ணன் ஸ்டுடியோவில்தான் இருப்பார். பாக்கியைக் கொடுத்து ஆல்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஜி-பே செய்தாலும் எடுத்துக்கொள்வார்.