கேணிக்கு வராத நோயாளி

கீரிமலைக் கேணியின் வைத்திய வரலாறு அவ்வளவாக நம்பத்தக்கதில்லை. ஆனால் கேட்கச் சுவையானது. கீரி முகத்தோடு வந்த நகுல முனிவர் முழுகி எழும்பி மனுச முகத்தோடு போனார். பிறகு குதிரை முகமும் குன்ம நோயுமாகச் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி வந்தாள். அவளும் அழகியானாள். ஆனதும் சிங்க முகமுள்ள உக்கிரசிங்கனுக்கு வாழ்க்கைப்பட்டாள். இவ்வளவு பாடுபட்டு முகத்தை மாற்றியவள், மாப்பிள்ளையையும் ஒருக்கால் முழுகச் சொல்லியிருக்கலாம்.

கேணியின் கைராசி முகத்தோடும் வயிற்றோடும் சரி. இடுப்புக்குச் சுகம் கிடைத்ததாகப் புராணம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் இந்திய ஹொக்கிக்காரர் வான் பிடித்து வந்து இறங்கியிருப்பார்கள்.

அவர்களுடைய வருத்தம் முழுக்கப் பெனால்டி கோர்னர் வருத்தம். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். வட்டத்தின் விளிம்பில் இன்னொருவர் மட்டையைப் படுக்கப்போட்டு அதை நிறுத்துவார். மூன்றாமவர் ஓடிவந்து, நிலத்தோடு நிலமாகக் குனிந்து, பந்தை மட்டையில் ஒட்டி இழுத்துச் சுழற்றி எறிவார். இதுதான் டிராக் ஃபிளிக். ஓங்கி அடிக்கிற முதல் அடி 18 அங்குலத்துக்கு மேலே கோலுக்குள் போகக்கூடாது என்பது சட்டம். இழுத்து எறிந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டத்தில் கிடந்த இந்தச் சந்து வழியாகப் பெரும் புகழுக்குப் போனவர்கள் பலர். விசை முழுவதும் இடுப்பிலும் முதுகிலும் இருந்துதான் வரவேண்டும்.

இந்த வித்தைக்காரரை மைதானத்தில் எவராலும் வீழ்த்த முடியவில்லை. ஆகவே விதி மைதானத்துக்கு வெளியே போய்க் காத்திருந்தது.

முதலில் ஜுக்ராஜ் சிங். 2003 செப்டெம்பரில் கார் விபத்து. இருபது வயதில் ஆட்டக் கதை ஏறக்குறைய முடிந்தது. அந்த வெற்றிடத்துக்கு 2004இல் வந்தவர் ஹரியானா, ஷாஹாபாத்தைச் சேர்ந்த சந்தீப் சிங், 17 வயதுப் பெடியன். அதே வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கும் ஆடிவிட்டார்.

2006 ஓகஸ்ட். அடுத்த மாதம் ஜேர்மனியில் உலகக் கோப்பை. அணியோடு சேரச் சதாப்தி ரயிலில் டில்லிக்குப் போய்க்கொண்டிருந்தார் சந்தீப். ரயிலில் இருந்த பாதுகாப்புப் படைக்காரர் ஒருவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. எங்கட யாழ்தேவியில் ஆகக்கூடினால் வடைக்காரன்தான் மேலே விழுவான். சந்தீப்புக்குக் குண்டு, அதுவும் எங்கே? இடுப்பில். நாட்டிலேயே விலைமதிப்பான இடுப்பு எது என்று விசாரித்து வந்த மாதிரி.

சந்தீப் சக்கர நாற்காலிக்குப் போனார். அணி ஜேர்மனிக்குப் போய் 12 நாடுகளில் 11ஆவதாக வந்தது. எங்கட சாத்திரிமார் இதைக் கேட்டிருந்தால் ஏழரைச் சனி என்று ஒரே வரியில் முடித்து, தட்சணைக்குக் கை நீட்டியிருப்பார்கள்.

ஆனால் சனி ஆளை மாற்றிவிட்டார். 2008இல் சந்தீப் எழும்பி நடந்து, ஓடி, கோல் அடிக்கவும் தொடங்கிவிட்டார்; படுத்தது ஹொக்கிச் சம்மேளனம். 1928க்குப் பிறகு முதல் தடவையாக இந்திய ஹொக்கி அணி இல்லாமல் ஒலிம்பிக் நடக்கப்போவது அந்த வருடம்தான் உறுதியானது. அது உறுதியான அடுத்த மாதமே தொலைக்காட்சியில் லஞ்ச விவகாரம் வெடித்து, இந்திய ஒலிம்பிக் சங்கம் ஹொக்கிச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. குண்டு பட்டவர் தேறிய வேகத்தில் நிர்வாகம் தேறவில்லை.

2009இல் சந்தீப்தான் அணித் தலைவர். இறுதியாட்டத்தில் மலேசியாவை 3–1 என்று வென்று, 1995க்குப் பின் முதல் தடவையாக இந்தியாவுக்கு அஸ்லான் ஷா கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2012இல் டில்லியில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று: 16 கோல். பிரான்ஸுக்கு எதிரான இறுதியாட்டத்தில் மட்டும் ஐந்து, முடிவு 8–1. அதே இடுப்புத்தான், ஐயா.

பிறகு லண்டன் ஒலிம்பிக். ஆறு ஆட்டம், ஆறு தோல்வி, 12 அணிகளில் 12ஆம் இடம். சந்தீப் இல்லாமல் 11ஆவதாக வந்தவர்கள், சந்தீப்போடு 12ஆவதாக வந்தார்கள். ஷாஹாபாத்தில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.